உப்புவாடித் தெருவின் இடது தோள்

எடையே இல்லாத பேஸ் கிட்டார் ஒன்று தூத்துக்குடி உப்புவாடித் தெருவுக்கு வந்து சேர்ந்தது, அதன் எடையைத் தெருவே சுமந்தது என்று சொன்னால் இன்றைக்கு அங்கே ஒருவரும் புருவத்தைத் தூக்க மாட்டார்கள்; யார் வீட்டுக்கு எவ்வளவு பாரம் வந்தது, யார் கதவைச் சாத்திக்கொண்டு தப்பப் பார்த்தார்கள் என்றுதான் சண்டைக்கு வருவார்கள்.

அதை வாங்கிக்கொண்டு வந்தவன் தனிஸ்லாஸ். ராத்திரி ஐஸ் கம்பெனியில் வேலை, கல்யாணம் திருவிழா என்றால் எட்வினின் மெல்லிசைக் குழுவில் பேஸ். கல்யாணமான புதிதில் மாமனார், "மாப்பிள்ளை என்ன வாசிக்கிறீங்க?" என்று கேட்டார். "பாட்டுக்கு அடியில ஒரு சத்தம் போகும்லா மாமா, அது" என்றான். மாமனார் ஒரு கச்சேரி முழுக்க முன்வரிசையில் உட்கார்ந்து, கண்ணை இடுக்கி, காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் கேக்கல மாப்பிள்ளை. ஆனா நீங்க ரொம்பச் சிரமப்பட்டு வாசிச்சீங்க, அது தெரிஞ்சுது" என்றார். அவனைப் பற்றி இதுவரை வந்த விமர்சனங்களில் அதுதான் சிறந்தது.

அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஐஸ் கம்பெனி கம்ப்ரசர் ராத்திரி முழுக்க ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். அதோடு கூடவே முனகி முனகித்தான் அவன் பேஸ் கற்றுக்கொண்டான். ஆனால் அந்த முனகல் அவனுடைய நாலு கம்பி கிட்டாரின் தடித்த கம்பிக்கும் கீழே, இன்னும் கீழே, கடலுக்கடியில் யாரோ கட்டிலை நகர்த்துவதுபோல எங்கோ கிடந்தது. எத்தனை வருஷம் முக்கியும் அவனால் அங்கே இறங்க முடியவில்லை. ஒரு கம்ப்ரசரிடம் தோற்ற கலைஞன் இந்த ஜில்லாவிலேயே தான் ஒருவன்தான் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தோற்றதோடு விடவில்லை. அந்த நாலு கம்பி கிட்டார் மரக்கடையில் மிச்சம் விழுந்த உத்தரத்தில் செய்ததுபோல அப்படி ஒரு கனம். வருஷக்கணக்கில் அதை வாரில் மாட்டி இடது தோளில் தொங்கவிட்டதில் தோள்பட்டை இறுகி, கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாமல் போனது. தலையை அவன் மனைவி ஜெசிந்தாதான் சீவிவிட்டாள். "இருக்கிற நாலு முடிக்கு ஒரு ஆள் வேற" என்று சொல்லிக்கொண்டே வகிடு எடுப்பாள்.

போன திருவிழாவில் பாதிப் பாட்டில் அவன் கை மரத்து நின்றுவிட்டது. கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை என்பது ஒரு துக்கம். எட்வினுக்குத் தெரிந்துவிட்டது என்பது இன்னொரு துக்கம். எட்வின் கீபோர்டு வாசிக்கிறவன், குழுவை நடத்துகிறவன், வயதில் சின்னவன், மரியாதை தெரிந்தவன். அதனால் மரியாதையாகவே சொன்னான்.

"அண்ணே, கீபோர்டுல என் இடது கை சும்மாத்தான இருக்கு. பேஸை அதுலயே போட்டுக்கிட்டா உங்களுக்கும் ரெஸ்ட்டு."

ஊர் ஊராக எத்தனையோ பேஸ் கிட்டார்காரர்களை வீட்டுக்கு அனுப்பிய வாக்கியம் அது. தனிஸ்லாஸ் சிரித்தான். "வர்ற திருவிழா வரைக்கும் பொறு எட்வின். நான் அஞ்சு கம்பி வாங்கப் போறேன். தோளுக்கு இதமா, சத்தத்துக்குக் கனமா, ஒண்ணே ஒண்ணு."

"நாலுக்கே தோள் போச்சு. அஞ்சா?" என்றாள் ஜெசிந்தா.

ஐஸ் கம்பெனியில் மீன் நிறுக்கும் கொக்கித் தராசைப் பையில் போட்டுக்கொண்டு அவன் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினான். சந்திப்புக்குப் பக்கத்துச் சந்தில் காஜா பாயின் வாத்தியக் கடை. அங்கே தொங்கிய ஐந்து கம்பி கிட்டார்களை ஒவ்வொன்றாக இறக்கி, வாரைக் கொக்கியில் மாட்டி, சீலாவையும் விளமீனையும் நிறுப்பதுபோல நிறுத்தான். காஜா பாய் நிறைய வாடிக்கையாளர்களைப் பார்த்தவர். செதில் இருக்கிறதா என்று கேட்கிறானா பார்ப்போம் என்று டீயை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலாவது முள்ளை அடிவரைக்கும் இழுத்தது. இரண்டாவது எடை பரவாயில்லை, ஆனால் கையை விட்டால் கழுத்து பொத்தென்று தரையைப் பார்த்தது, வெட்கப்பட்ட மணப்பெண் மாதிரி. அதைத் தூக்கிப் பிடிப்பதற்கே ஒரு கை வேண்டும். மூன்றாவதன் கழுத்து வள்ளத்துப் பலகை அகலம்; அவன் கட்டைவிரல் இந்தக் கரையில், சுண்டுவிரல் அந்தக் கரையைப் பார்த்து ஏங்கியது. நாலாவது உட்கார்ந்தால் மடியில் அழகாக உட்கார்ந்தது, ஆனால் ஐந்தாவது கம்பியைத் தட்டினால் ஈரப் போர்வையை உதறுகிற சத்தம். இதமானது சத்தம் போடவில்லை, சத்தம் போட்டது இதமாக இல்லை. தனக்குப் பெண் பார்த்தபோது பெண் வீட்டார் தன்னைப் பற்றி இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

"பின்னால ஒண்ணு கிடக்கு. எப்ப வந்துச்சுன்னு எனக்கே ஞாபகம் இல்ல" என்றார் காஜா பாய்.

பழுப்பு நிறம், பெயர் எழுதவில்லை. கொக்கியில் மாட்டினான். முள் அசையவில்லை. தராசைத் தட்டினான், மறுபடி மாட்டினான். அசையவில்லை.

"தராசு ஐஸ்ல கிடந்து செத்துப்போச்சு போல" என்றார் பாய்.

தோளில் போட்டான். போட்டதே தெரியவில்லை. கழுத்து நின்ற இடத்தில் நின்றது, விரல்கள் போக வேண்டிய இடத்துக்குத் தாமாகப் போயின. ஐந்தாவது கம்பியைக் கட்டைவிரலால் தட்டினான். கடை மேஜைக்கடியிலிருந்து, சந்துக்கடியிலிருந்து, தாமிரபரணிக்கும் அடியிலிருந்து அது எழுந்து வந்தது. கம்ப்ரசரின் அதே சத்தம். அவனுக்குக் கண் கலங்கியது. காஜா பாய் டீ கிளாஸை வைத்துவிட்டு இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார். "வாயுப் பிடிப்பு" என்றார். அவன் நிறுத்தியதும், "விட்டுருச்சு" என்றார். இரண்டு பேருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதை வாங்கி ஊர் திரும்பிய அன்று, ராத்திரி வேலைக்குப் போகுமுன், சாயங்காலம் அவன் வாசலைத் திறந்துவைத்து வாசிக்க உட்கார்ந்தான். எதிர்வீட்டு ரோஸ்லின் மதினி தையல் மிஷினில் ஓட்டிக்கொண்டிருந்த தையல் மெல்ல இடப்பக்கம் சரிந்தது. பால்காரரின் சைக்கிள் நேரே போகாமல் தெருமுனைச் சிற்றாலயமான கெபியின் சுவரைப் போய் முகர்ந்தது. டீக்கடைக்காரர் ஆற்றிய டீ கிளாஸுக்குப் பக்கத்தில் விழுந்தது. மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த காகங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, பிறகு தங்களுக்குள் ஏதோ பேசி முடித்து, அப்படியே உட்கார்ந்துகொண்டன. தெருவில் இருந்த ஒவ்வொருவர் இடது தோளிலும் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு ஏதோ ஏறி உட்கார்ந்தது. பாட்டு நின்றதும் இறங்கிப் போனது.

காரணம் கண்டுபிடிக்க அவர்களுக்கு அரைப் பாட்டுகூட ஆகவில்லை. "ஏ தனிசு, உன் பெட்டி பாரத்தை எங்க மேல இறக்கி வச்சுட்டு நீ காலாட்டிக்கிட்டு வாசிக்கியால?" என்று ரோஸ்லின் மதினி வாசலில் நின்று கத்தினாள். அவனுக்கு அவமானமாகப் போய்விட்டது. அடுத்த நாளிலிருந்து கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் பழைய சேலையைச் செருகிவிட்டு வாசித்தான். தெருவில் ஒருவருக்கும் ஒன்றும் ஏறவில்லை. தன் பண்பாட்டை நினைத்து அவனுக்கே மெச்சத் தோன்றியது. அப்படி மெச்சிக்கொண்டே ஒருநாள் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனபோது, ஜெசிந்தா கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. தெரு முழுக்கக் கேட்டா தெரு முழுக்கப் பங்கு போகுது. வீட்டுக்குள்ள கேட்டா மொத்தமும் எனக்குத்தான் வருது."

"இத்தனை நாளும் ஏன் சொல்லல?"

"நீங்க சிரிச்சுக்கிட்டு வாசிச்சீங்க" என்றாள். "கல்யாண போட்டோவிலகூட நீங்க சிரிக்கல."

அவன் செருகிய சேலைகளையெல்லாம் உருவினான். கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்து, அந்த முடிவின் தியாகத்தை எல்லோரும் பார்க்கட்டும் என்று கெபி வாசலுக்குப் போய்ச் சொன்னான். அங்கே கூடியிருந்தவர்கள் அவன் தியாகத்தைக் காதில் வாங்கவே இல்லை. பாதிப் பேர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள். மீதிப் பேர் அவர்கள் மச்சான்கள். பாரம் என்றால் அவர்களுக்கு அதில் மர்மம் ஒன்றும் கிடையாது. எத்தனை தோள் என்பது மட்டும்தான் கேள்வி. மூட்டைக்காரர்களுக்கும் சரி, வருஷா வருஷம் தேவதூதர் மிக்கேல் சம்மனசின் சிலை வைத்த சப்பரத்தைத் தூக்குகிறவர்களுக்கும் சரி, தலைவர் சவேரி அண்ணன். அவர் பீடியை அணைத்தார்.

"என்ன அஞ்சு கிலோ இருக்குமா அது? சம்மனசு எவ்வளவு கனம், சுமக்கலையா? ஜெசிந்தா தனியாச் சுமந்திருக்கா, நாம கதவுக்குப் பின்னால காபி குடிச்சிருக்கோம். வெக்கமா இல்ல? இனிமே அவன் வாசிக்கையில ஒரு கதவு சாத்தக் கூடாது. எல்லாரும் தோள் கொடுக்கணும். கேக்காதவன் சப்பரத்துக்கும் வர வேண்டாம்."

அப்படியாக, உலகத்திலேயே பேஸ் கிட்டாரை ஊர்க் கட்டுப்பாட்டின் பேரில் கேட்கிற முதல் தெருவாக உப்புவாடித் தெரு ஆனது. சாயங்காலம் ஆனால் வாசல்தோறும் ஆட்கள் வந்து நின்றார்கள். அடுப்பில் குழம்பு வைத்தவள் கரண்டியோடு வந்தாள், மீசை ஒதுக்கிக்கொண்டிருந்தவன் பாதி மீசையோடு வந்தான். தெருவுக்குள் நுழைந்த ஆட்டோக்காரனைப் பிடித்து நிறுத்தி, "கேட்டுட்டுப் போம்வே, உம்ம பங்கும் சேந்தா எங்களுக்குக் கொஞ்சம் கொறையும்" என்றார்கள். தனிஸ்லாஸுக்கு இது கச்சேரி. பாட்டு முடிந்ததும் தலைகுனிந்து வணங்கினான். "முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு அவர்கள் குழம்பைப் பார்க்கப் போனார்கள்.

பிறகு பழகிவிட்டது. அந்த நேரம் நெருங்கும்போதே தெருவில் எல்லோருடைய இடது தோளும், வரப்போகிற பாரத்துக்குத் தயாராக, அவர்கள் அறியாமலே கொஞ்சம் மேலே ஏறி நின்றுகொள்ளும். மருத்துவமனைக்குப் போய் வந்த யாரோ ஒருவரிடம் டாக்டர், "உங்க தெருவில எல்லாரும் ஏன் ஒரு தோளைத் தூக்கி 'எனக்கென்ன'ன்னு சொல்ற மாதிரியே நடக்கீங்க?" என்று கேட்டாராம்.

தனிஸ்லாஸின் தோள் இளகியது. தலையைத் தானே சீவிக்கொண்டான், கோணலாக. ஆனால் ஒரு புதுக் குறை வந்து சேர்ந்தது. அந்தப் பாரம் எப்படி இருக்கும் என்று தெரியாத ஆள் தெருவில் அவன் ஒருவன்தான். கேட்டுப் பார்த்தான். ஈரத் துண்டு மாதிரி என்றார் டீக்கடைக்காரர். தூங்கிப்போன பிள்ளையின் தலை மாதிரி என்றாள் ரோஸ்லின் மதினி, அதுவும் மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள். சவேரி அண்ணன் கொஞ்சம் யோசித்து, "உனக்கு எதுக்குல அது?" என்றார். ஜெசிந்தாவிடம் கேட்டதற்கு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். வாழ்க்கை முழுக்க யாரும் தன் வாத்தியத்தைக் கவனிக்கவில்லை என்று பொருமியவன், இப்போது எல்லோரும் கவனிக்கிறார்கள், தனக்கு மட்டும் கிடைக்கவில்லை என்று பொருமத் தொடங்கினான். பொருமுவதில் அவனுக்கு ஒருநாளும் விடுமுறை இருந்ததில்லை.

திருவிழா நெருங்கியதும் எட்வின் வந்தான். வாசலில் நின்று ஒரு பாட்டுக் கேட்டான், தோளைத் தடவினான்.

"சத்தம் அருமைண்ணே. அதான் பிரச்சனை. பேஸை யாரும் கவனிக்கக் கூடாது, அதுதான் பேஸ். திருவிழாவுக்கு வெளியூர் ஆளுங்க வருவாங்க, நம்ம தெரு மாதிரி பொறுத்துக்குவாங்களா? இந்தத் தடவை நான் இடது கையிலயே போட்டுக்கிறேன். கோவிச்சுக்காதீங்க."

தோள் இறுகியபோது கீபோர்டிடம் தோற்றான். தோள் இளகிய பிறகும் அதே கீபோர்டிடம் தோற்றான். நடுவில் ஒரு தெருவையே சுமக்க வைத்ததுதான் மிச்சம்.

திருவிழாச் சாயங்காலம் அவன் கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டான். சப்பரம் சுற்றி வந்து சேர்ந்தால் கச்சேரி. கச்சேரி என்றால் எட்வினின் இடது கை. அதைக் கேட்பதற்குத் தலையணை தேவலை. வெளியே வேட்டுச் சத்தம் கேட்டது. பாண்டு வாத்தியம் ஆரம்பித்தது. பிறகு, ஆரம்பித்த வேகத்தில் நின்றது.

நடந்தது இதுதான். சப்பரத்துக்கு இரண்டு பக்கமும் நீளமான கம்புகள். வலப்பக்கக் கம்பைத் தூக்குகிறவர்கள் இடது தோளில் வைப்பார்கள், இடப்பக்கக் கம்பைத் தூக்குகிறவர்கள் வலது தோளில் வைப்பார்கள். ஆதிகாலம் தொட்டு அப்படித்தான். சவேரி அண்ணன் குரல் கொடுத்தார், எல்லோரும் தூக்கினார்கள். அது தனிஸ்லாஸ் வழக்கமாக வாசிக்கிற நேரம். அத்தனை இடது தோள்களும் வராத பாரத்துக்காக மேலே ஏறிக் காத்துக்கொண்டு நின்றன. சப்பரத்தின் வலப்பக்கம் உயர்ந்தது. ஒரு கையில் வாளும் மறு கையில் தராசுமாக நிற்கிற மிக்கேல் சம்மனசு மெல்ல இடப்பக்கம் சாய்ந்து, பலசரக்குக் கடைக்குள் எதையோ தேடுவதுபோலப் பார்த்தார். மாலைகள் சரிந்தன. தராசின் ஒரு தட்டு அவருடைய முழங்காலில் போய் இடித்தது.

"தோள் மாத்து!" என்று கத்தினார் சவேரி அண்ணன். இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கம் போனார்கள், அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கம் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே வியாதி. சம்மனசு அதே பக்கம் சாய்ந்தார். "இடது தோளை இறக்குங்கல!" இறக்கினார்கள், அடுத்த மூச்சில் அது தானாக ஏறிக்கொண்டது. பங்குச்சாமி பாடல் புத்தகத்தை மூடிவிட்டுச் சம்மனசின் காலைப் பிடித்துக்கொண்டார். பெண்கள் மாதாவைக் கூப்பிட்டார்கள். கூட்டத்துக்கு மேலே சவேரி அண்ணனின் குரல் எழுந்தது, துறைமுகத்தில் கப்பலைக் கூப்பிடுகிற குரல்:

"ஏல தனிசு! அஞ்சாவது கம்பியைத் தட்டுல!"

ஜெசிந்தா ஓடி வந்து கதவைத் தள்ளினாள். "எந்திரிங்க. சம்மனசு விழப் போறாரு, நீங்க கோவிச்சுக்கிட்டுப் படுத்திருக்கீங்க."

சப்பரத்துக்குப் பின்னால், டியூப்லைட்டுகளுக்காக ஜெனரேட்டரை வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிற மூன்று சக்கர வண்டி. அதில் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கி வைத்தார்கள், வயரைச் செருகினார்கள். தனிஸ்லாஸ் லுங்கியில் வந்திருந்தான். திருவிழா முழுக்க அந்த லுங்கிதான் பேச்சாக இருக்கப்போகிறது என்று அவனுக்கு அப்போதே தெரிந்தது. கட்டைவிரலால் ஐந்தாவது கம்பியைத் தட்டினான்.

கூட்டம் பெரிது, அதனால் ஒவ்வொரு தோளுக்கும் வந்தது ஒரு புளியங்கொட்டை எடைதான். ஆனால் வரும் வரும் என்று நின்ற தோள்களுக்கு வந்துவிட்டது என்பதே போதும். அப்பாடா என்று அவை இறங்கின. சப்பரம் நிமிர்ந்தது. சம்மனசு பலசரக்குக் கடையிலிருந்து பார்வையை எடுத்து நேரே கடலைப் பார்த்தார். தராசின் இரண்டு தட்டுகளும் கொஞ்சம் ஆடி, ஆடி, சமமாக நின்றன. வெளியூர்க்காரர்கள் தோளைத் தொட்டுப் பார்த்தார்கள், யாரோ கூப்பிட்டதாக நினைத்துத் திரும்பினார்கள், பின்னால் நின்ற முன்பின் தெரியாத ஆளைப் பார்த்து எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள்.

பாண்டு வாத்தியம் மறுபடி தொடங்கியது. தெரு தெருவாகச் சப்பரம் போனது. எல்லோருக்கும் பின்னால், ஜெனரேட்டர் புகையில் இருமிக்கொண்டு, எப்போதும்போல யார் கண்ணிலும் படாத இடத்தில் தனிஸ்லாஸ் வாசித்துக்கொண்டே நடந்தான். வழியில் எட்வின் வந்து சேர்ந்துகொண்டான். சிரித்த முகங்களை அவனும் பார்த்திருந்தான்.

"அண்ணே, மேடையில டிரம்ஸுக்குப் பக்கத்துல உங்க இடம் அப்படியே இருக்கு."

"உன் இடது கை?"

"பாக்கெட்டுல வச்சுக்கிறேன்" என்றான் எட்வின். "வேட்டி மட்டும் கட்டிட்டு வாங்க."

கெபிக்குப் பக்கத்தில் வந்ததும் சப்பரம் நின்றது. அந்த வருஷம் தோள் கொடுக்காதவர் யாராவது இருந்தால் கடைசித் தூரத்துக்கு அவர்களைக் கூப்பிட்டுக் கம்புக்கடியில் நிறுத்துவது அங்கே வழக்கம். சவேரி அண்ணன் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார்.

"தெருவில பாரமே சுமக்காத ஆளு நீ ஒருத்தன்தான். வா."

"நான் வந்தா வாசிக்கிறது யாரு? மறுபடி சாஞ்சிருவாரே!"

ஜெசிந்தா அவன் கழுத்திலிருந்து வாரை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். கிட்டார் அவள் முழங்காலுக்குத் தொங்கியது. கம்பியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. தினமும் சுமந்தவளுக்கு எந்தக் கம்பி என்று தெரியும். அயிரை மீனை உரசுகிறவளின் கட்டைவிரலால் அதைத் தட்டினாள்.

தனிஸ்லாஸ் கம்புக்கடியில் போய் நின்றான். சவேரி அண்ணன் குரல் கொடுத்தார், சப்பரம் எழுந்தது. முன்னால் நின்றவரும் பின்னால் நின்றவரும் அவனைவிட உயரம். கம்பு அவன் தோளுக்கு இரண்டு விரற்கடை மேலே, அவனைத் தொடாமலே, போய்க்கொண்டிருந்தது. ஊரே பார்க்கச் சம்மனசைச் சுமக்கப் போனவன் வெறுங்காற்றைச் சுமந்துகொண்டு, வெளியே தெரியாமலிருக்கப் பல்லைக் கடித்துப் பாரம் தாங்குகிற முகத்தை வைத்துக்கொண்டான்.

அப்போது அது வந்தது. இடது தோளில், இறுகிக் கிடந்து இளகிய அதே இடத்தில். ஈரத் துண்டு மாதிரி இல்லை, பிள்ளையின் தலை மாதிரியும் இல்லை. எத்தனையோ ராத்திரி கம்ப்ரசருக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தானே, அப்போது யாராவது பின்னால் வந்து, "டீ குடிக்கப் போவமா?" என்று தோளில் கை வைத்திருந்தால் எவ்வளவு கனம் இருந்திருக்குமோ, அவ்வளவு இருந்தது. அவன் பல்லைக் கடிப்பதை விட்டான். திரும்பிப் பார்த்தான். புகைக்கு நடுவே ஜெசிந்தா அவனையே பார்த்துக்கொண்டு தட்டினாள். "இப்பத் தெரியுதா?" என்று அவள் வாய் அசைந்தது.

தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. முதல்தடவையாக முன்னால் நின்று கேட்கிற அவன் காதுக்கு, ஐந்தாவது கம்பி அரைக்கால் சுருதி இறங்கி இருந்தது. நேற்றும் அப்படித்தான் இருந்திருக்கும், அதற்கு முந்தின எல்லாச் சாயங்காலமும் அப்படித்தான் இருந்திருக்கும். கரண்டியோடும் பாதி மீசையோடும் வாசலில் வந்து நின்று கேட்ட அத்தனை பேரில் ஒரு ஆள்கூட அவனிடம் அதைச் சொல்லவில்லை.